தூசியும் பிளாஸ்மாவும்

கோடைக்காற்றில் நம் கடத்தூர் வீதிகளில் எழும் புழுதியை விரும்புவார் இலர். ஆயின், அதனினும் நுண்ணிய தூசியைத் தாமே வேண்டித் தூவி ஆராயும் கூடங்களும் உலகில் உள. அதன் காரணத்தை ஈண்டுச் சுருக்கி விளக்கப் புகுகின்றோம்.

வாயுவை மிகச் சூடாக்கினும், அதனூடே மின்சாரத்தைச் செலுத்தினும், அணுக்களினின்று எலெக்ட்ரான்கள் பிரியும், எஞ்சியவை அயனிகளாம். இவை விரவிய நிலைக்கு லாங்மியூர் என்னும் அமெரிக்க அறிஞர் 1928-இல் பிளாஸ்மா எனப் பெயரிட்டார். மின்னலும் ஞாயிறும் பிளாஸ்மாவே. இதனுள் தூசித்துகளொன்று புகின், விரைந்தோடும் எலெக்ட்ரான்களே அதன்மேல் மிகுதியாகப் படியும். ஆதலின் அத்துகள் எதிர்மின்னேற்றம் பெறும். ஒத்த மின்னேற்றமுடையவை ஒன்றையொன்று தள்ளுமாகலின், ஒரு துகள் அசையின் அயலனவும் அசையும்.

இவ்வசைவு ஒலியலைபோற் பரவும் என்று அகமதாபாத்து இயற்பியல் ஆய்வகத்தைச் சார்ந்த ராவ் என்பார், சுக்லா, யூ என்னும் இருவருடன் 1990-இல் கணக்கிட்டுரைத்தார். 1995-இல் அமெரிக்காவிலுள்ள அயோவாப் பல்கலைக்கழகத்தார் அவ்வலையைத் தம் ஆய்வுக்கூடத்திற் கண்டனர். அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 9 சென்டிமீட்டரே. தவழுங் குழந்தையும் அதனை முந்தும். ஆகவே, அதனைப் படம்பிடித்து ஆராய்தல் எளிதாயிற்று.

இனிக் காந்தத்தின் செயலைக் காண்போம். காந்தப்புலத்தில் எலெக்ட்ரான் எளிதில் வட்டமிடும். தூசித்துகளோ அயனியினும் பல்லாயிரங்கோடி மடங்கு கனமுடையதாதலின் எளிதில் வளையாது. அதனையும் காந்தத்தின் ஆட்சிக்குட்படுத்தி ஆராய விரும்பிய ஆபர்ன் பல்கலைக்கழகத்தார், 4 டெஸ்லா அளவுக்கென வகுத்த பெருங்காந்தக் கருவியொன்றை நிறுவினர். கடத்தூரிற் காந்தவூசியைத் திருப்பும் பூகாந்தத்தினும் அவ்வளவு ஏறத்தாழ இலட்சம் மடங்காம். நம் நாட்டில், காந்திநகரையடுத்துள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்திலும் தூசிப் பிளாஸ்மா ஆராயப்படுகின்றது.

இவற்றாற் பயன் யாது என வினவலாம். கணினிச் சில்லுகளைப் பிளாஸ்மாவாற் செதுக்குங்கால், அக்கலத்துள்ளேயே தூசி விளைந்து சில்லைக் கெடுக்கும். அணுக்கருப் பிணைவு உலைகளிலும் அதனால் இடருண்டு. சனிக்கோளின் வளையங்களில் வாயேஜர் விண்கலம் 1980-இற் கண்ட ஆரக்கால் போன்ற கோடுகளுக்கும் மின்னேறிய தூசியே காரணமென அறிஞர் கருதுவர். தூசியின் நடையை அறிந்தாலன்றி அதனை விலக்கலும் இயலாது, வானத்து விந்தைகளை விளக்கலும் இயலாது.

மாசென்று ஒதுக்கப்பட்ட பொருளே, கட்புலனாகாத பிளாஸ்மாவின் இயக்கத்தைக் கண்முன் காட்டும் ஆசானுமாயிற்று. சிறியதென எதனையும் இகழாது நோக்குவார்க்கே இயற்கை தன் மறைபொருளைத் திறந்து காட்டும் என்பது இதனால் நாம் அறியத்தக்கதாம்.