ஓடித் தேய்ந்த காருக்குக் கியர் ஆயில் மாற்றலாமா?

இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஆட்டோமேட்டிக் கார். "இனிமேல் ஆயில் மாற்றினால் கியர்பாக்ஸே போய்விடும்" என்று பலரும் பயமுறுத்துவார்கள். ஏன்?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் தேய்மானத்தைக் குறைப்பதற்கு மட்டுமல்ல. கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பதே ஆயிலின் அழுத்தம்தான். சூட்டையும் அதுவே வெளியேற்றுகிறது. நாளாக ஆக அது சூட்டில் கெட்டு, தட்டுகளிலிருந்து உதிர்ந்த பொடியும் கலந்து, சிவப்பு மங்கிக் கறுக்கிறது. வால்வுகளின் நுண்ணிய வழிகளில் கசடு படிகிறது.

அந்தப் பயத்தில் பாதிதான் உண்மை. பலர் ஆயில் மாற்றுவதே கியர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான். தட்டு ஏற்கெனவே தேய்ந்திருக்கும்; பழி புது ஆயில் மேல் விழும். ஆனால் மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவினால், பெயர்ந்த கசடு வால்வை அடைக்கக்கூடும்.

கியர் ஒழுங்காக விழுகிறதென்றால் தயங்காமல் மாற்றுங்கள். கழுவ வேண்டாம், அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி வடித்துவிட்டு, கையேட்டில் சொன்ன வகை ஆயிலை, சொன்ன அளவுக்கு ஊற்றினால் போதும். இன்ஜின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் பழைய ஆயில் கணிசமாகத் தங்கிவிடும். அதனால் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு இன்னொரு முறை வடிப்பது நல்லது.

வடித்த ஆயிலில் கருகல் வாடையும் உலோகத் துணுக்குகளும் இருந்தால், கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த தட்டை எந்த ஆயிலும் சரிசெய்யாது.