டூயல் பாஸ்கெட் ஏர் ஃப்ரையர் வாங்கப் போறீங்களா? ஆர்டர் போடும் முன் உங்க கிச்சன் பிளக் பாயிண்ட்டைப் பாருங்க!

ஒரு பக்கம் சிக்கன், இன்னொரு பக்கம் உருளைக்கிழங்கு. ரெண்டும் ஒரே நேரத்தில் ரெடி. டூயல் பாஸ்கெட் ஏர் ஃப்ரையர் விளம்பரங்கள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த ஒரே காட்சியைத்தான் காட்டுகின்றன. பார்த்ததும் 'நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வாங்கலாமே' என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் விலை? சாதாரண ஒற்றைக் கூடை ஏர் ஃப்ரையர் சுமார் 4 ஆயிரம் முதல் 7 ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. டூயல் மாடல் என்றால் பெரும்பாலும் அதைப்போல இரண்டு மடங்கு. பிராண்டைப் பொறுத்து அதற்கு மேலேயும் போகும். அந்தக் கூடுதல் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? யாருக்கு இது உபயோகம்? யார் வீட்டில் இது மூன்றே மாதத்தில் பரணுக்குப் போகும்? விரிவாகப் பார்க்கலாம்.

பேர்தான் ஃப்ரையர்... ஆனா பொரிக்காது!

முதலில் ஒரு விஷயம். ஏர் ஃப்ரையர் எதையும் பொரிப்பதில்லை. மேலே ஒரு சூடாகும் காயில், அதற்கு மேல் ஒரு ஃபேன். சூடான காற்றை வேகமாகச் சுழற்றி, கூடைக்குள் இருக்கும் பொருளின் மேற்பரப்பில் உள்ள ஈரத்தை உலர்த்தி மொறுமொறுப்பாக்குகிறது. சுருக்கமாகச் சொன்னால், ஒரு குட்டி கன்வெக்‌ஷன் ஓவன். பிலிப்ஸ் நிறுவனம் 2010-ல் 'ஏர்ஃப்ரையர்' என்ற பெயரில் இதை அறிமுகம் செய்தது. அந்தப் பெயரே இன்று எல்லா கம்பெனி மெஷினுக்கும் பொதுப் பெயராகிவிட்டது.

டூயல் பாஸ்கெட் மாடலில் இதே அமைப்பு இரண்டு இருக்கும். இரண்டு கூடை, இரண்டு காயில், இரண்டு ஃபேன். இடது பக்கம் 200 டிகிரியில் 20 நிமிஷம், வலது பக்கம் 170 டிகிரியில் 12 நிமிஷம் என்று தனித்தனியாக வைக்கலாம். பெரும்பாலான மாடல்களில் 'சிங்க்' மாதிரி ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால், குறைந்த நேரம் எடுக்கும் பக்கம் தானாகவே தாமதமாகத் தொடங்கி, இரண்டும் ஒன்றாக முடியும். 'மேட்ச்' என்ற பட்டன், ஒரு பக்கத்து செட்டிங்கை மறுபக்கத்துக்கு அப்படியே காப்பி செய்யும். நீங்கள் கூடுதல் பணம் கொடுப்பது இந்த வசதிகளுக்குத்தான்.

நம்ம சாப்பாட்டுக்கு ரெண்டாவது கூடை எதுக்கு?

விளம்பரத்தில் சொல்லாத விஷயம் இங்கேதான் இருக்கிறது. சிக்கனும் சிப்ஸும் சேர்ந்தால் ஒரு முழு டின்னர் என்பது பிரிட்டன், அமெரிக்கா பக்கத்து சாப்பாட்டுக் கணக்கு. அங்கே தட்டில் வரும் இரண்டு அயிட்டமுமே உலர்ந்தவை, இரண்டுமே ஓவனில் செய்யக்கூடியவை. அதனால் இரண்டு கூடை இருந்தால் அடுப்பையே பற்றவைக்க வேண்டாம்.

நம்ம வீட்டில் அப்படியா? சாதம் குக்கரில், குழம்பு ஒரு அடுப்பில், ரசம் இன்னொரு அடுப்பில். இதில் எதையும் ஏர் ஃப்ரையரில் செய்ய முடியாது. தட்டில் மிச்சம் இருப்பது ஒரு வறுவல் அல்லது பொரியல். பொரியலுக்கும் வாணலிதான் சரி. ஆக, ஏர் ஃப்ரையருக்கு வேலை இருப்பது ஒரே ஒரு அயிட்டத்துக்கு. அதற்கு ஒரு கூடை போதும். இரண்டாவது கூடை பல நாள் காலியாகத்தான் இருக்கும்.

இட்லி, தோசை, சப்பாத்தி செய்யும் ராத்திரிகளில் அந்த ஒரு கூடைக்கும் வேலை இருக்காது.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. 'எண்ணெய் இல்லாம பஜ்ஜி, பூரி எல்லாம் போடலாம்' என்று நினைத்து வாங்குபவர்கள் அதிகம். பஜ்ஜி, போண்டா, மெதுவடை மாதிரி ஈர மாவு அயிட்டங்கள் இதில் சரியாக வராது. மாவு கெட்டியாகும் முன்பே சல்லடைத் தட்டு வழியாக கீழே வழிந்துவிடும். பூரி உப்பி வருவதற்கு எண்ணெய்ச் சூடு வேண்டும். முறுக்கு கடக்முடக் என்று கல் மாதிரி ஆகும். மசால் வடை, மேலே எண்ணெய் தடவினால், ஓரளவு வரும். அப்பளத்தை அப்படியே உள்ளே போட்டுவிடாதீங்க. லேசாக இருப்பதால் ஃபேன் காற்றில் மேலே பறந்து காயிலில் ஒட்டிக் கருகும்.

நன்றாக வருபவை எவை? மசாலா கெட்டியாகத் தடவிய சிக்கன், வஞ்சிரம் வறுவல், சேப்பங்கிழங்கு, உருளைக்கிழங்கு, பனீர் டிக்கா, காலிஃபிளவர், ஃப்ரோசன் நகெட்ஸ். நேற்று வாங்கி மிஞ்சின சமோசாவை 4 நிமிஷம் சூடு பண்ணினால் மைக்ரோவேவில் ஆவது போல தொளதொளக்காது. உண்மையைச் சொன்னால், பலரும் மெஷினை விடாமல் வைத்திருப்பதற்கு இந்த சமோசா ஒன்றே காரணம்!

8 லிட்டர்னு போட்டிருக்கே... பெருசா?

இங்கே கொஞ்சம் உஷார். டூயல் மாடலில் '8 லிட்டர்' என்றால் 4 லிட்டர் கூடை இரண்டு. ஒரே 8 லிட்டர் கூடை கிடையாது. முழுக் கோழி வைக்க நினைத்தால் 4 லிட்டர் கூடையில் சிரமம். ஒன்றரை அடி மீனை முழுசாக வைக்கவும் முடியாது, துண்டு போட வேண்டியதுதான்.

லிட்டரைவிட முக்கியமானது கூடையின் அடிப்பரப்பு. ஏர் ஃப்ரையரில் பொருளை ஒரே அடுக்காகப் பரப்பினால்தான் காற்று எல்லாப் பக்கமும் படும். குவித்துப் போட்டால் மொறுமொறுப்பு வராது, வெந்துதான் போகும். ஆழமான, குறுகிய இரண்டு கூடைகளைவிட, அகலமான 6 லிட்டர் ஒற்றைக் கூடையில் ஒரே தடவையில் அதிக மீன் துண்டு வைக்கலாம். கடையில் பார்க்கும்போது கூடையை வெளியே இழுத்து, 'நம்ம வீட்டுக்கு எத்தனை துண்டு மீன் இதுல அடங்கும்' என்று மனசுக்குள் அடுக்கிப் பாருங்க. ஸ்பெக் ஷீட் படிப்பதைவிட அது நல்ல கணக்கு.

எல்லா டூயல் மாடலும் சமமாகப் பிரிந்திருக்காது. ஒரு பெரிய கூடை, ஒரு சின்னக் கூடை என்று வரும் மாடல்களும் உண்டு. நம்ம சமையலுக்கு இது கொஞ்சம் பொருத்தம். பெரியதில் சிக்கன், சின்னதில் குழந்தைக்கு காரமில்லாத உருளை. நடுவில் கழற்றக்கூடிய தடுப்புத் தட்டு வைத்த ஒரே பெரிய கூடை மாடல்களும் இருக்கின்றன. பக்கவாட்டில் இல்லாமல் மேலும் கீழுமாக அடுக்கிய மாடலை நிஞ்சா நிறுவனம் 2024-ல் கொண்டுவந்தது. இடம் குறைவான கிச்சனுக்கு இந்த டிசைன் உதவும்.

கரண்ட் கணக்கு: இதை மட்டும் தவறவிடாதீங்க

சாதாரண ஏர் ஃப்ரையர் 1200 முதல் 1500 வாட் வரை எடுக்கும். டூயல் மாடல்களில் 2400 வாட், அதற்கு மேலும் உண்டு. நம்ம ஊர் 230 வோல்ட்டில் 2400 வாட் என்றால் 10 ஆம்ஸுக்கு மேல் கரண்ட் ஓடும். மிக்சிக்கும் செல்போன் சார்ஜருக்கும் போடும் சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்ஸ்தான் தாங்கும். அதாவது சுமார் 1380 வாட். அதனால் டூயல் மாடலுக்கு ஏசி, கீசருக்குப் போடுவது போன்ற பெரிய பவர் பிளக், அதாவது 16 ஆம்ஸ் பாயிண்ட், கட்டாயம் வேண்டும்.

பழைய வீடுகளிலும், வாடகை வீடுகளிலும் கிச்சனில் அப்படி ஒரே ஒரு பாயிண்ட்தான் இருக்கும். சில வீடுகளில் அதுவும் இருக்காது. அப்போது பலரும் செய்வது, பெரிய பிளக்கைச் சின்ன பாயிண்ட்டில் மாட்ட ஒரு கன்வெர்ட்டர் வாங்குவது, அல்லது ஹாலில் இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுப்பது. தயவுசெய்து வேண்டாம். கன்வெர்ட்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும். சுவருக்குள் இருக்கும் ஒயரின் தடிமனை மாற்றாது. 20 நிமிஷம் 10 ஆம்ஸ் ஓடினால் மெல்லிய ஒயரும் லூஸ் பிளக்கும் சூடாகி உருகும். தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

புதிதாக பாயிண்ட் போடுவதாக இருந்தால், எம்சிபி-யில் இருந்து தனி ஒயர் இழுத்துத் தரச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்க. அந்தச் செலவையும் ஏர் ஃப்ரையர் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்க. வாடகை வீடு என்றால் ஓனரிடம் முதலில் பேசிடுங்க.

பாயிண்ட் இருந்தாலும், அதே லைனில் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பையும் சேர்த்து ஓட்டினால் மொத்தம் 4400 வாட், அதாவது 19 ஆம்ஸ். 16 ஆம்ஸ் எம்சிபி டிரிப் ஆக வாய்ப்பு உண்டு. வீட்டு இன்வெர்ட்டரில் டூயல் ஏர் ஃப்ரையரை ஓட்டும் யோசனையே வேண்டாம், சாதாரண இன்வெர்ட்டர்கள் இந்த லோடைத் தாங்காது.

பில் எவ்வளவு ஏறும்? 2400 வாட் மெஷின் 20 நிமிஷம் முழு வேகத்தில் ஓடினால் 0.8 யூனிட். 1500 வாட் மெஷின் என்றால் அரை யூனிட். சூடு ஏறியதும் காயில் அவ்வப்போது அணைந்து எரியும் என்பதால் உண்மையில் இதைவிடக் குறைவாகத்தான் வரும். தினமும் ஒருமுறை என்று வைத்தாலும் 2 மாத பில்லில் அதிகபட்சம் 48 யூனிட், ஒற்றைக் கூடைக்கு 30 யூனிட். ஒரு யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் வித்தியாசம் 108 ரூபாய்தான். டூயல் மாடலில் ஒரு கூடையை மட்டும் ஓட்டினால் இன்னும் குறையும். ஆக, கரண்ட் பில்லுக்காகப் பயப்பட வேண்டியதில்லை, பயப்பட வேண்டியது ஒயரிங்குக்கு.

இதில் இன்னொரு நுணுக்கம். 2400 வாட் என்பது பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. இரண்டும் ஓடும்போது ஒரு கூடைக்குச் சுமார் 1200 வாட்தான். அதனால் 'டூயல்னா டபுள் ஸ்பீடு' என்று எதிர்பார்க்காதீங்க. இரண்டு கூடையையும் நிரப்பினால், ரெசிப்பியில் போட்ட நேரத்தைவிட சில நிமிஷம் கூடத்தான் ஆகும்.

அப்போ யார் வாங்கலாம்?

இந்த மெஷினுக்கு நிஜமாகவே வேலை இருக்கும் வீடுகளும் உண்டு. சைவமும் அசைவமும் சேர்ந்த வீடு அதில் முதல். புரட்டாசி முழுக்க அம்மாவுக்கு விரதம், பசங்களுக்கு சிக்கன் வேணும் என்றால், ஒரு கூடையைச் சைவத்துக்கு என்றே ஒதுக்கிவிடலாம். ஆனால் இது தனித்தனி அறையுள்ள மாடலில்தான் சரிப்படும், நடுவில் தடுப்புத் தட்டு வைத்த மாடலில் அது எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகிறது என்று பார்க்கணும். வாசனை மட்டும் எந்த மாடலாக இருந்தாலும் கிச்சன் முழுக்க வரத்தான் செய்யும்!

காலை 7 மணிக்குள் இரண்டு குழந்தைகளுக்கு இரண்டு விதமான டிபன் பாக்ஸ் கட்டும் வீடு, நோன்பு திறக்கும் நேரத்தில் சமோசாவும் கட்லெட்டும் ஒன்றாகச் சூடாக வேண்டிய வீடு, 5 பேருக்கு மேல் சாப்பிடும் வீடு, இவர்களுக்கும் இரண்டாவது கூடை சும்மா இருக்காது.

கணவன், மனைவி, ஒரு குழந்தை என்ற வீட்டுக்கு 4 முதல் 6 லிட்டர் ஒற்றைக் கூடையே தாராளம். ஏற்கெனவே நல்ல ஓடிஜி இருந்தால், அதில் கன்வெக்‌ஷன் ஃபேன் இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால், கொஞ்சம் அதிக நேரம் எடுத்து அதே வேலையை அது செய்யும்.

இன்னும் சந்தேகமா? ஒரு வாரம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பேப்பர் ஒட்டுங்க. ஒரே நேரத்தில் இரண்டு வறுவல் அயிட்டம் தேவைப்பட்ட ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்க. வார முடிவில் மூன்று, நான்கு கோடு இருந்தால் டூயல் வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு கோடு என்றால், அந்த ஒரு நாள் ஒற்றைக் கூடையிலேயே இரண்டு ரவுண்டு போட்டு, முதல் ரவுண்டை கடைசியில் 3 நிமிஷம் மறுபடி சூடாக்கினால் முடிந்தது.

எண்ணெய், உடம்பு, பாத்திரம்

வாணலி நிறைய எண்ணெய் ஊற்றிப் பொரிப்பதற்குப் பதில் ஒன்றிரண்டு ஸ்பூன் போதும் என்பது உண்மை. பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சும் பிரச்சினையும் இல்லை. ஆனால் மாதம் ஒருமுறை மட்டும் பொரிக்கும் வீட்டில் மிச்சமாகும் எண்ணெய் மெஷின் விலையை ஈடுகட்டாது. உருளைக்கிழங்கு மாதிரி மாவுச்சத்து உள்ளவற்றைக் கருக விட்டால் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் கூடும். ஏர் ஃப்ரையருக்கும் இது பொருந்தும். பொன்னிறத்தில் எடுத்துடுங்க.

கழுவுவதற்கு இரண்டு கூடை, இரண்டு சல்லடைத் தட்டு. நம்ம ஊர் சின்ன சிங்க்கில் அந்தப் பெரிய கூடையைத் திருப்பிக் கழுவிப் பார்த்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். நான்ஸ்டிக் கோட்டிங் என்பதால் கம்பி நார், கரண்டி படக்கூடாது. கோட்டிங் போனால் தனிக் கூடை ஸ்பேர் கிடைக்குமா, என்ன விலை, உங்க ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கா என்பதை வாங்கும் முன்பே கேட்டுடுங்க.

பக்கவாட்டுக் கூடை மாடல்கள் ஏறக்குறைய 40 செ.மீ. அகலமும் 8 கிலோ எடையும் வரும். தினமும் பரணில் இருந்து இறக்கி ஏற்ற முடியாது, மேடையிலேயே நிரந்தர இடம் வேண்டும். பின்பக்கம் சூடான காற்று வெளியேறும் என்பதால் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைக்கணும், மேலே கப்போர்டு இடிக்கக்கூடாது. டேப் எடுத்து அளந்துட்டு ஆர்டர் போடுங்க.

மெஷின் வந்ததும், ஜன்னலைத் திறந்து வைத்து, காலியாக 200 டிகிரியில் 10 நிமிஷம் ஓட்டுங்க. புது பிளாஸ்டிக் வாடை போயிடும். ஓடி முடிந்ததும் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக இருந்தால், மெஷினை எடுத்து வைத்துவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. ரிட்டர்ன் காலம் முடியும்வரை அட்டைப் பெட்டியையும் தூக்கிப் போடாதீங்க.