பெரு நாட்டில் கடல் சூடானால் கோவில்பட்டியில் மழை கொட்டுமா?

கோவில்பட்டி,-

2023-ம் ஆண்டு டிசம்பர் 17-ந்தேதி. மார்கழி பிறந்த நாள். கோவில்பட்டியில் பிடித்த மழை விடவே இல்லை. மறுநாள் காலையில் அளந்து பார்த்தால், 53 செ.மீ.!

தூத்துக்குடி மாவட்டத்தில் வருஷம் பூராவும் பெய்வதே சராசரியாக 65 செ.மீ. சொச்சம்தான். அதே மழையில் காயல்பட்டினத்தில் கொட்டியதோ 95 செ.மீ.!

தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரெயில் சுமார் 800 பயணிகளுடன் வெள்ளத்தில் சிக்கி நின்றது. மாவட்டம் முழுக்க குளங்களும் கண்மாய்களும் உடைந்தன. கரிசல் காட்டில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் தண்ணீருக்குள் கிடந்தன.

ஆனால் 2016-ல் நிலைமையே வேறு. அந்த வருஷம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை சராசரியை விட 62 சதவீதம் குறைவு. மழையை நம்பி விதைத்தவன் வானத்தைப் பார்த்து உட்கார்ந்ததுதான் மிச்சம்.

ஒரு வருஷம் காய்ச்சல், ஒரு வருஷம் பாய்ச்சல். ஏன் இப்படி?

மலை மறிக்கிறது

தென்மேற்குப் பருவக்காற்று கொண்டு வரும் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக் கொள்கிறது. மலைக்குக் கிழக்கே கோவில்பட்டிக்கு வந்து சேருவது பெரும்பாலும் வெறுங்காத்துதான். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே சம்சாரி புரட்டாசியில் விதைக்கிறான்.

அந்த மழைக்கு ஒரு பிடி எங்கோ பசிபிக் கடலில் இருக்கிறது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டை ஒட்டிய கடல் சில வருஷங்களில் வழக்கத்தை விட அதிகமாகச் சூடாகும். இதுதான் 'எல் நினோ'. அப்போது காற்றின் போக்கு மாறும். தென்மேற்கு மழை பெரும்பாலும் குறையும். வடகிழக்கு மழையோ கூடுவதுதான் வழக்கம். கடல் குளிர்ந்தால் அது 'லா நினா'.

இந்தியப் பெருங்கடலுக்கும் இதில் பங்கு உண்டு. ஆப்பிரிக்கா பக்கம் சூடாகி, சுமத்ரா பக்கம் குளிர்ந்தால் நமக்கு மழை கூட வாய்ப்பு அதிகம். 2023-ல் இரண்டுமே சாதகம். 2016-ன் பிற்பகுதியில் இரண்டுமே தலைகீழ்!

கணக்கு தப்பும்

ஆனால் இதை மட்டும் நம்ப முடியாது. 2021-ம் லா நினா வருஷம்தான். அந்த வருஷம் வடகிழக்கு மழை 59 சதவீதம் கூடுதலாகக் கொட்டித் தீர்த்தது!

காரணம் இதுதான்: தூரத்துக் கடல் மழைக்கு வாய்ப்பைத்தான் கூட்டும், குறைக்கும். ஒரே நாளில் கொட்ட வேண்டுமானால் பக்கத்திலேயே ஒரு காற்றுச் சுழற்சி வேண்டும். 2023 டிசம்பரில் குமரிக்கடல் பகுதியில் அப்படி ஒரு சுழற்சி வந்தது. கிழக்கே கடலில் இருந்து ஈரக்காற்றை இழுத்து இழுத்து தென்மாவட்டங்களில் கொட்டியது.

ஆகவே, எல் நினோ வருஷம் என்று கேள்விப்பட்டால், 'இந்த வருஷம் மழை உண்டு' என்று விதையை எடுத்து வைத்தால் மட்டும் போதாது. மழைக்கு முன்பே கண்மாய்க் கரையையும், வரத்துக்கால், ஓடைகளையும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட வேண்டும். மழை வந்த பிறகு பார்த்தால், பார்ப்பதற்குக் கரை இருக்காது!