மோட்டார் வண்டியின் இடைவிட்ட மின்சாரக் குறை

பிறர் ஓட்டிய மோட்டார் வண்டியை வாங்கி ஆர்.எஸ்.புரத்திலிருந்து மேட்டுப்பாளையம் சாலைக்குச் செல்லுங்கால், லாரிகளுக்கிடையே விளக்கு மங்கி எஞ்சின் நின்றுவிடின் உயிருக்கே அபாயமாம். மறுகணமே அது யாதும் நிகழாததுபோல் ஓடும். உடனே புதிய பாட்டரி வாங்குவது வீண் செலவு. இத்தகைய குறைக்குத் தளர்ந்த அல்லது களிம்பேறிய இணைப்பே பெரும்பாலும் காரணம்.

ஓய்ந்திருக்கும் பாட்டரி 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடுகையில் ஏறத்தாழ 14 வோல்ட்டும் காட்டுமாயின், பாட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் ஒருவாறு விலக்கிவிடலாம். பின்னர் முகப்பு விளக்குகளை ஏற்றி, வோல்ட்மீட்டரின் ஒரு நுனியைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மற்றதை எஞ்சினின் துப்புரவான உலோகப் பகுதியிலும் வைத்து, எர்த் கம்பியை மெல்ல அசைத்துப் பார்க்க. அளவு 0.2 வோல்ட்டுக்கு மேல் துள்ளுமாயின் தடை அவ்வழியிலேயே உளது. வண்டி சூடேறிய பின்னரே இக்குறை வெளிப்படுதலும் உண்டாதலால், குளிர்ந்த வண்டியில் ஒருமுறை பார்த்து முடிவு கட்டலாகாது. களிம்பைச் சுரண்டி முனைகளை இறுக்க அரை மணி நேரம் போதும். பாட்டரி விற்போர் இதனை எடுத்துரைப்பது அருமை.