வெண்ணிற நாயும் அதன் வெண்மையும்

வெண்மையைப் பெறுதல் எளிது, பேணுதலே அரிது. வெள்ளை வேட்டி உடுத்துவோர் யாவரும் இதனை அறிவர். வெண்ணிற நாயை வளர்ப்போரோ இதனை நாள்தோறும் அனுபவிக்கின்றனர்.

பனிக்குவியல்போல் தோன்றும் சமோயெட் இனத்தை எடுத்துக்கொள்வோம். வட சைபீரியாவின் நெநெட்ஸ் மக்களிடையே அது துருவமான் மந்தைகளைக் காத்தது, சறுக்குவண்டி இழுத்தது, கடுங்குளிரில் கூடாரத்தினுள்ளே மனிதரோடு உறங்கியது. 1889ஆம் ஆண்டில் எர்னஸ்ட் கில்பர்ன் ஸ்கொட் என்பவர் இவ்வினத்துக் குட்டியொன்றை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அக்குட்டி வெள்ளையன்று, கபில நிறத்தது! வெள்ளையை விரும்பித் தெரிந்தெடுத்தவர்கள் பின்வந்த வளர்ப்பாளரே. ஆகவே, வெண்மை நாய் கேட்டுப் பெற்ற வரமன்று, மனிதரின் விருப்பம். விருப்பம் நம்முடையதாயின், அதற்குரிய உழைப்பும் நம்முடையதே அன்றோ?

அதன் உரோமம் இரண்டு அடுக்குகளாலானது. உள்ளே பஞ்சு போன்ற அடர்ந்த மயிர். வெளியே நீண்டு விறைத்த மயிர். வெளிமயிரில் படிந்த சேறு காய்ந்ததும் பெரும்பாலும் தானே உதிர்ந்துவிடும். ஈரச் சேற்றைத் தேய்ப்பதோ அதனை உள்ளே செலுத்துவதாகும். காயவிட்டு, அடியிலிருந்து நுனிவரை வாரிவிடுதலே முதற்பணி. வாரத்தில் இரண்டு மூன்று முறையும், மயிர் கொட்டும் பருவத்தில் நாள்தோறும் வாருதல் வேண்டும். சிக்கெடுக்காமல் நீராட்டினால் சிக்கு மேலும் இறுகிவிடும்.

நீராட்டுவதற்கு நாம் பூசும் சவர்க்காரம் ஏற்றதன்று. மனிதத் தோல் சற்றே அமிலத் தன்மையது. நாயின் தோல் நடுநிலையை அண்டியது. நாய்களுக்கென்றே செய்யப்பட்ட ஷாம்புவும் இளஞ்சூட்டு நீரும் போதும். அடிக்கடி நீராட்டினால் இயற்கையான எண்ணெய்ப் பசை நீங்கி, மயிரின் ஒளியே மங்கிவிடும். நீராட்டிய பின் உள்மயிர்வரை உலர்த்துதல் அவசியம். ஈரம் தங்கினால் தோல் புண்ணாகும்.

வெண்மை தருவதாகக் கூறும் சில ஷாம்புக்களில் ஊதா அல்லது நீலச் சாயம் கலந்திருக்கும். வெளுத்த வேட்டிக்கு நீலம் போடும் அதே தந்திரந்தான்! அது மஞ்சட் சாயலைக் கண்ணுக்கு மறைக்குமேயன்றி அழுக்கை அகற்றாது. துணி வெளுக்கும் இரசாயனங்களையோ நாயின் மேனியில் ஒருபோதும் படவிடலாகாது.

இனி, முக்கியமான ஒன்று. வெள்ளை நாயின் கண்ணோரத்தில் செம்பழுப்புக் கறை காணப்படுவதுண்டு. கண்ணீரிலுள்ள போர்பிரின் என்னும் பொருளே அதற்குக் காரணம். உமிழ்நீரிலும் அஃது உண்டு. ஆதலால் ஓயாது நக்கப்படும் பாதமும் சிவந்துபோகும். நாய் ஏன் நக்குகின்றது? அரிப்போ, ஒவ்வாமையோ, உண்ணியோ, வலியோ இருத்தல் கூடும். கண்ணீர் மிகுதியாய் வழிவதும் கண்ணோயின் அறிகுறியாகலாம். கறையை மட்டும் துடைத்து மகிழ்வோர், கடிதத்தைப் படியாமலே எழுத்தை அழித்தவர் ஆவர். அத்தகைய வேளையில் நாட வேண்டியவர் மிருக வைத்தியரே.

கருநிற நாயின் மேனியில் மறைந்துவிடும் உண்ணியும் புண்ணும் கறையும் வெண்ணிற நாயின் மேனியிற் பளிச்செனத் தெரியும். வெண்மையின் உண்மையான பயன் அதுவே. வாயில்லாப் பிராணி தன் துன்பத்தைச் சொல்ல இயலாதபோது, அதன் வெள்ளை உரோமம் சொல்கின்றது. சீப்பை எடுக்கும் கை அழகை நாடட்டும். கூடவே கண்கள் அச்செய்தியையும் படிக்கட்டும்.