இருண்ட சமையலறைக்கு எந்த நிறம்?

நண்பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் வெங்காயம் நறுக்க வேண்டும் என்ற நிலை, தங்கா பத்து, சுங்கை ஊடாங், தஞ்சோங் கிளிங் வட்டாரத் தாமான் வாசிகள் பலருக்குப் பழகிப்போன ஒன்று. தீபாவளிக்குச் சாயம் பூசும்போது, "அடுப்படிக்கு வெள்ளை அடித்துவிடலாம், வெளிச்சமாகிவிடும்" என்று வீட்டில் பேசிக்கொள்வோம். பூசி முடித்த பிறகு பார்த்தால், வெள்ளைச் சுவர் சாம்பல் நிறமாகத் தெரியும். சாயத்தின் மேல் குற்றமில்லை. சாயம் வெளிச்சத்தை உண்டாக்காது. வரும் வெளிச்சத்தைத் திருப்பித்தான் அனுப்பும்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது எந்த நிறம் என்பதை அல்ல. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை.

வெளிச்சம் எங்கே போனது?

தெரஸ் வரிசையின் நடுவில் உள்ள வீட்டுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் மட்டும்தான் சன்னல். சமையலறை பின்னால் இருக்கும். இடம் போதவில்லை என்று பின்சந்து வரை நீட்டிக் கட்டிக் கூரை போட்டுவிட்டால், பழைய சன்னல் வீட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். இருட்டு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மலாக்காவின் பழைய நகரத்தார் இதற்கு வழி கண்டிருந்தார்கள். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்தப் பகுதியில், ஜாலான் துன் டான் செங் லோக் தெருவில் பார்க்கலாம். வீட்டின் முகப்பு குறுகல், ஆழமோ மிக நீளம். ஆனால் நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்கும். வெளிச்சமும் காற்றும் அதன் வழியே இறங்கும்.

இன்றைய வீட்டில் முற்றம் வைக்க முடியாது. ஆனாலும் நீட்டிய கூரையில் ஓரிரு தகடுகளை ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடாக மாற்றலாம். கூரையையோ சுவரையோ மாற்றுவதற்கு முன் ஊராட்சி மன்றத்தில் அனுமதி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சன்னலுக்கு எதிரே உங்கள் பின்கட்டுச் சுவர் இருந்தால், அதற்கு வெளிப்புற வெள்ளைச் சாயம் பூசுங்கள். அதில் படும் வெயில் சன்னல் வழியே உள்ளே திரும்பும்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

நிற அட்டைகள் பலவற்றில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கும். அந்த நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதை 0 முதல் 100 வரை அது சொல்கிறது. இருண்ட அறையின் சுவருக்கு 70-க்கு மேல் உள்ளதைத் தேடுங்கள். மேற்கூரைக்கு மங்கலான பூச்சில் தூய வெள்ளையே நல்லது.

சுவருக்கு நீலம் கலந்த வெள்ளை வேண்டாம். குறைந்த வெளிச்சத்தில் அதுதான் சோர்ந்து சாம்பலாகும். தந்த நிறம், வெளிர் வெண்ணெய் நிறம், தேங்காய்ப்பால் போன்ற வெள்ளை ஆகியவை உயிரோட்டமாக இருக்கும்.

வடக்கு நோக்கிய அறை குளிர்ச்சியாக இருக்கும் என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். நாம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறோம். சூரியன் ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாள் வடக்கிலும் மீதி நாள் தெற்கிலும் சாய்ந்து போகிறது. நமக்குக் கிழக்கா மேற்கா என்பதே முக்கியம். மேற்குப் பார்த்த சமையலறையில் மாலை வெயில் செம்மஞ்சளாக விழும். அங்கே வெண்ணெய் நிறம் மேலும் மஞ்சளாகிவிடும். அதற்கு வெளிர் பச்சையோ பழுப்பு கலக்காத வெள்ளையோ பொருந்தும்.

கடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிறிய டின் ஒன்று வாங்கி, பெரிய அட்டையில் இரண்டு முறை பூசி, சமையலறையின் இருண்ட மூலையில் சாய்த்து வையுங்கள். காலை, மதியம், இரவு விளக்கு என மூன்று வேளையும் பார்த்தபின் முடிவெடுங்கள்.

தாளிப்புக்குத் தாங்குமா?

நம் சமையலறையில் கடுகு வெடிக்கும், மஞ்சள் தெறிக்கும். மேற்கூரை தவிர்த்த இடங்களில் மங்கல் பூச்சு கறையைப் பிடித்துக்கொள்ளும். துடைக்கக்கூடிய, மிதமான பளபளப்புள்ள நீர்ச்சாயமே ஏற்றது. எண்ணெய் கலந்த வெள்ளைச் சாயம் இருட்டில் நாளடைவில் மஞ்சளடிக்கும்; இருண்ட சுவருக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பூசுவதற்கு முன் பாத்திரச் சோப்பால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சீலர் ஒரு கை பூசுங்கள். சுவரில் ஈரம் கசிந்தால் அதை அடைத்த பிறகே சாயத்தைத் தொடவேண்டும். இல்லையென்றால் மூன்றே மாதத்தில் கரும்பூஞ்சை மேலே வந்துவிடலாம். தோட்டத்து லயத்து வீடுகளில் பெரியவர்கள் அடித்த சுண்ணாம்பு, அதன் காரத்தன்மையால் பூஞ்சையையும் தடுத்தது.

அளவு தெரிந்தால் செலவு மிச்சம். 10-க்கு 8 அடி அறை, 9 அடி உயரம் என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 324 சதுர அடி. கதவு, அலமாரி, ஓடு போக ஏறத்தாழ 200. ஒரு லிட்டர் சுமார் 100 சதுர அடிக்கு வரும். இரண்டு கை பூச 4 லிட்டர். 5 லிட்டர் டின் ஒன்று போதும். மேற்கூரைக்கு 2 லிட்டர் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

விளக்கும் அலமாரியும்

சுவரைவிட அலமாரிக் கதவுகளே அதிக இடம் பிடிக்கும் வீடுகள் உண்டு. கரும்பழுப்புக் கதவை அப்படியே விட்டுவிட்டுச் சுவரை மட்டும் வெளுத்தால் பலன் குறைவு. மேல் வரிசைக் கதவுகளையாவது வெளிர் நிறமாக்குங்கள். கீழ் வரிசை அடர் நிறத்திலேயே இருக்கலாம், அழுக்கும் தெரியாது.

நடுக்கூரையில் ஒற்றை விளக்கு இருந்தால், நறுக்குபவரின் நிழல் அவர் கைமேலேயே விழும். மேல் அலமாரிக்கு அடியில் ஓர் எல்.இ.டி. பட்டை வையுங்கள். 4000 கெல்வின் வெளிச்சம் கண்ணுக்கு இதமானது. குழம்பின் நிறமும் உண்மையாகத் தெரியும்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளில், பெரும்பாலும் சம்பாதிப்பவரும் பிள்ளைகளும்தான் அட்டையைப் புரட்டுகிறார்கள். விடிவதற்கு முன்பே அடுப்பு முன் நிற்பது அம்மாவாகவோ பாட்டியாகவோ இருக்கும். வயது ஏற ஏறக் கண்ணுக்குக் கூடுதல் வெளிச்சம் தேவைப்படும். கத்தியும் கொதிக்கும் எண்ணெயும் புழங்கும் இடம் அது. அட்டையை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள்.