அப்பா போன பல்கலைக்கழகம்

ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் வீட்டுத் தபால் பெட்டிக்கு ஒரு நீள உறை வரும். மேலே பல்கலைக்கழகத்தின் சின்னம் இருக்கும். உள்ளே மருத்துவப் புலத்தின் உடற்கூறியல் துறை அச்சிடும் எட்டுப் பக்கச் செய்திமடல், கூடவே நன்றி நாளுக்கு ஓர் அழைப்பு.

மின்சாரக் கட்டணம், வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் நான்தான் பிரிப்பேன். இந்த உறையை மட்டும் அம்மா யாரையும் தொட விடமாட்டார். காலையில் பசியாறி முடித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கத்தரிக்கோலால் ஓரத்தை நறுக்குவார். மடல் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். அம்மாவுக்கு மலாய் நன்றாகப் பேச வரும், வாசிப்பதுதான் மெதுவாக வரும். அதனால் படங்களை முதலில் பார்த்துவிட்டு, "இது என்ன போட்டிருக்கு, படி" என்று என்னிடம் நீட்டுவார்.

இந்த மாதமும் வந்தது. நன்கொடையில் புதிதாக வாங்கிய அறுவை மேசை, வசதி குறைந்த மாணவர்களுக்கான உதவி நிதி, பயிலரங்கு முடித்த மாணவர்களின் குழுப்படம் என்று வழக்கமான செய்திகள்தாம். கடைசிப் பக்கத்தில் அந்த ஆண்டு உடல் கொடை தந்தவர்களின் படங்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அதே கடைசிப் பக்கத்தில் எங்கள் அப்பாவின் படம் வந்தது.

மேலே கட்டுப் போடத் தெரிந்தவர்

அப்பா ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளியை விட்டவர். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசருக்கு உதவியாளாக இருந்தார். புண்ணைக் கழுவி மருந்து கட்டுவது, காய்ச்சல்காரர்களுக்கு மாத்திரை கொடுப்பது, ஊசியைக் கொதிக்க வைப்பது இவைதாம் வேலை. தோட்டத்துச் சனங்கள் அவரையும் 'டிரசரு' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா ஒவ்வொரு முறையும் திருத்துவார்: "நான் டிரசர் இல்லை. டிரசருக்கு உதவி."

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கதை ஒன்றுண்டு. டிரசர் ஊரில் இல்லாத ஒரு மழை இரவு. பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கு இரத்தம் நிற்கவில்லை. தோட்டத்து லாரியில் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். மண் சாலையில் லாரி குலுங்கக் குலுங்க, அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் அவள் போய்விட்டாள்.

"எங்கே அமுக்கணும்னு எனக்குத் தெரியலை. மேலே கட்டுப் போடத் தெரியும். உள்ளே என்ன இருக்குன்னு யாரும் எனக்குச் சொல்லித் தரலை."

ஓய்வு பெற்றுக் கிள்ளானில் எங்களோடு வந்து தங்கிய பிறகும் அந்தக் கதையை அவர் விடவில்லை. எழுபது வயதில் ஒரு நாள், ஒரு பாரத்தோடு வந்து உட்கார்ந்தார். மருத்துவ மாணவர்கள் படிப்பதற்குத் தன் உடலை எழுதிக் கொடுக்கும் பாரம்.

அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தார். "கொள்ளி போடப் பிள்ளை இருக்கான். உங்களை எதுக்கு வெட்டக் கொடுக்கணும்?"

அப்பா பதில் சொல்லவில்லை. பாரத்தின் கீழே குடும்பத்தார் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விரலால் காட்டினார். அம்மா அன்றைக்குக் கையெழுத்துப் போடவில்லை. மாமா வந்து சத்தம் போட்டார். "அனாதைப் பிணத்தைத்தான் அப்படிக் கொடுப்பாங்க" என்றார் அத்தை. தம்பி பேசாமல் இருந்தான். கடைசியில் கையெழுத்துப் போட்டது நான். அதன் பிறகு இரண்டு மாதம் அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

'மௌன ஆசான்'

அத்தை சொன்னதில் ஓர் உண்மை இருந்தது. உலகெங்கும் மருத்துவக் கல்லூரிகள் நீண்டகாலம் உரிமை கோராத உடல்களை வைத்தே பாடம் நடத்தின. அந்த உடலுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டுமே உண்டு.

இந்த வழக்கத்தை மாற்றிக் காட்டியது தைவானின் ஹுவாலியென் நகரிலுள்ள ட்சு சி பல்கலைக்கழகம். விரும்பி உடல் தந்தவரை அங்கே 'மௌன ஆசான்' என்கிறார்கள். அவரோடு கைகோத்து நம் மலாயாப் பல்கலைக்கழகம் 2012-ல் அதே திட்டத்தை இங்கே தொடங்கியது. மாணவர்கள் கத்தியைத் தொடுவதற்கு முன் ஆசானின் குடும்பத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். அவர் யார், என்ன வேலை செய்தார், எப்படி வாழ்ந்தார் என்று கேட்டு எழுத வேண்டும். பயிலரங்கு தொடங்கும் நாளில் அவர் வாழ்க்கையைச் சபையில் சொல்லி, தலை வணங்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

உடலைப் பாதுகாக்கும் முறையும் வேறு. ஃபார்மலின் ஏற்றிய உடல் விறைத்து, நிறமும் மாறிவிடும். எலும்பும் தசையும் எங்கே இருக்கின்றன என்று படிக்க அது போதும். ஆனால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகவும், அறுவைச் சிகிச்சை செய்து பழகவும் அது சரிப்படாது. மௌன ஆசானின் உடலைக் கடுங்குளிரில் உறைய வைத்து, பயிலரங்குக்குச் சில நாள் முன்பு இளக விடுகிறார்கள். அப்போது தசை உயிருள்ளவர் தசையைப் போலவே கைக்கு இணங்கும். ஒரு பயிற்சி மருத்துவர் தன் முதல் தவற்றை நோயாளியின் மேல் செய்யாமல் இங்கே செய்து திருத்திக்கொள்ளலாம்.

அப்பா கேட்டதும் அதைத்தான். "என் மேல தப்புப் பண்ணட்டும். எனக்கு வலிக்காது."

அந்த இரவு

பாரம் கொடுத்த நான்காம் ஆண்டு அப்பா தூக்கத்திலேயே போனார். விடியற்காலை நான்கு மணி. இந்தக் கொடையில் நேரம்தான் முக்கியம். சில மணி நேரத்துக்குள் உடல் போய்ச் சேர வேண்டும். உறவெல்லாம் கூடி அழுது முடிக்கும்வரை காத்திருக்க முடியாது.

தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். அப்பா எழுதிக் கொடுத்திருந்தாலும், குடும்பம் வேண்டாம் என்றால் வற்புறுத்த மாட்டோம் என்று துறையில் முன்பே சொல்லியிருந்தார்கள். அதாவது, முடிவு இப்போது அம்மா கையில். அம்மா அப்பாவின் காலருகே உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

"அவர் சொன்ன இடத்துக்குப் போன் போடு" என்றார் அம்மா. "சொன்ன சொல்லை நான் மாத்தினேன்னு இருக்க வேண்டாம்."

தம்பி தேவாரம் படித்தான். எல்லாரும் வாய்க்கரிசி போட்டோம். மாமா வந்து சேர்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. தெருவில் சங்கு இல்லை, தப்பு இல்லை. அப்படி ஒரு வெறுமையை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். உடல் கொடை கொடுத்த குடும்பம் அன்றைக்கே பெருமைப்படுவதில்லை. சுடலைக்குப் போய்த் திரும்பாத துக்கம் வீட்டுக்குள்ளேயே சுற்றி வருகிறது. பதினாறாம் நாள் காரியத்தைச் செய்தோம். "இன்னும் எரிக்காத ஆளுக்குக் கருமாதியா?" என்று முணுமுணுத்தவர்களும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

மூன்று மாணவர்கள்

மூன்று மாதம் கழித்து மாணவர்கள் மூவர் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு சீனப் பெண், ஒரு மலாய்ப் பையன், ஈப்போவிலிருந்து படிக்க வந்த ஒரு தமிழ்ப் பெண். அம்மா அறையை விட்டு வரமாட்டார் என்று நினைத்தேன். தேநீரோடு வந்து உட்கார்ந்தார்.

அப்பாவுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று மலாய்ப் பையன் கேட்டான். அம்மா சிரித்துவிட்டார். அப்பா போன பிறகு அன்றுதான் முதல் சிரிப்பு. நெத்திலிச் சம்பல், பழைய சோறு, சாயங்காலம் ஒரு கோப்பை கோப்பி 'ஓ' என்று அடுக்கினார். பிறகு, யாரும் கேட்காமலே, அந்த லாரிக் கதையைச் சொன்னார். அந்தப் பெண் யார், எந்த லயத்தில் இருந்தாள் என்பதுவரை அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கு அது புதுச் செய்தி. தமிழ்ப் பெண் மற்ற இருவருக்கும் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவள், நடுவில் நிறுத்திக் கண்ணைத் துடைத்தாள்.

பயிலரங்கு முடிந்த நாளில் எங்களை அழைத்தார்கள். மாணவர்கள் அறுத்த இடங்களையெல்லாம் தைத்து மூடி, வெள்ளுடை உடுத்தி, பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். நாங்கள் கொண்டுபோன வேட்டியை மேலே போர்த்தினோம். இரு பக்கமும் மாணவர்கள் வரிசையாக நின்று தலை வணங்கினார்கள். அம்மா குனிந்து, கழுத்துப் பட்டைக்குக் கீழே தெரிந்த தையலை நெடுநேரம் பார்த்தார்.

"ரவிக்கை தைக்கிறவகூட இவ்வளவு நெருக்கமாத் தைக்க மாட்டா" என்றார்.

அன்று தம்பி கொள்ளி வைத்தான். சாம்பலைக் கிள்ளான் கடலில் கரைத்தோம். அத்தையும் வந்திருந்தார்.

ரப்பர் முதலாளியும் அப்பாவும்

மருத்துவக் கல்வி இந்த மண்ணில் கொடையால்தான் முளைத்தது. 1904-ல் டான் ஜியாக் கிம் என்ற சீன வணிகர் தலைமையில் சமூகப் பெரியவர்கள், இங்கேயே மருத்துவப் பள்ளி வேண்டும் என்று ஆளுநருக்கு மனுக் கொடுத்தார்கள். பணத்தைச் சமூகமே திரட்ட வேண்டியிருந்தது. 87,077 வெள்ளி சேர்ந்தது. அதில் 12,000 வெள்ளி டான் ஜியாக் கிம் தந்தது. 1905 ஜூலை 3-ஆம் நாள் சிங்கப்பூரின் சிப்பாய் லைன்ஸில், பழைய பெண்கள் மனநல விடுதிக் கட்டடத்தில், 23 மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. பின்னர் அதுவே ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரி ஆனது.

1911-ல் அங்கே எழுந்த ஒரு கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர் டான் சே யான். தந்தை டான் டெக் குவான் நினைவாகக் கொடுத்தார். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. மலாயாவில் வணிகத்துக்காக முதலில் ரப்பர் பயிரிட்டவர் இதே டான் சே யான்தான். ரப்பரில் சம்பாதித்தவர் கட்டடம் கொடுத்தார். ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவர் தன் உடலைக் கொடுத்தார். கொடை என்றால் இரண்டும் கொடைதான்.

1949-ல் அந்தக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1962-ல் கோலாலம்பூர் வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது. அங்கே மருத்துவப் புலத்தைக் கட்டியெழுப்பிய முதல் தலைவர் டி.ஜே. டனராஜ், ஏழாம் எட்வர்டு கல்லூரியில் படித்தவர். அங்குள்ள மருத்துவ நூலகம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

உங்கள் வீட்டில் பேசுங்கள்

இந்தக் கதையைக் கேட்ட நண்பர்கள் வழக்கமாகக் கேட்பவை சில.

உடல் கொடையும் உறுப்புக் கொடையும் ஒன்றல்ல. கண், சிறுநீரகம் போன்ற உறுப்புகளை நோயாளிக்குத் தருவதற்குச் சுகாதார அமைச்சின் கீழ்ப் பதிவு செய்ய வேண்டும். முழு உடலைப் படிப்புக்குத் தர விரும்பினால் பல்கலைக்கழகத்திடம் நேராக எழுதிக் கொடுக்க வேண்டும். 1974-ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டப்படி, உயிரோடிருக்கும்போது எழுத்தில் எப்போது வேண்டுமானாலும் இசைவு தரலாம். இறுதி நோயில் இருப்பவர் இரண்டு சாட்சிகள் முன்னால் வாயால் சொன்னாலும் செல்லும்.

எழுதிக் கொடுத்த எல்லா உடலையும் ஏற்க மாட்டார்கள். தொற்றுநோய் இருந்தாலோ, பிரேதப் பரிசோதனை நடந்திருந்தாலோ மறுக்கலாம். அதனால் மாற்று ஏற்பாடும் மனத்தில் இருக்கட்டும். குடும்பத்துக்குப் பணம் எதுவும் கிடைக்காது. எழுதிக் கொடுத்தவர் மனம் மாறினால் திரும்பப் பெறலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் பேசுங்கள். எங்கள் அப்பா நான்கு ஆண்டுகள் முன்பே சொன்னதால்தான் அந்த இரவில் அம்மாவால் ஒரு சொல்லில் முடிவெடுக்க முடிந்தது. சண்டை போட்டுத் தீர்க்க எங்களுக்கு நான்கு ஆண்டுகள் கிடைத்தன.

உடலைக் கொடுக்க மனம் வராதவர்களுக்கும் வழி இருக்கிறது. அம்மா ஒவ்வொரு திவசத்துக்கும் 300 வெள்ளியை அந்த மாணவர் உதவி நிதிக்கு அனுப்புகிறார். வாழ்த்து அட்டை வேண்டாம், ரசீது மட்டும் போதும் என்பார். ரசீதைச் சாமி மேடையில் அப்பா படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்.

அம்மா தன் உடலையும் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாரம் ஒன்று கேட்டு வாங்கினார். அது மேசை இழுப்பறையில் வெறுமையாகக் கிடக்கிறது. "அவருக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை, பார்க்கலாம்" என்கிறார். நானும் வற்புறுத்துவதில்லை.

இந்த ஆண்டு அழைப்பில் எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். நான் இரண்டு என்று எழுதப் போனேன்.

"நாலுன்னு போடு" என்றார் அம்மா. "உன் அத்தையும் மாமாவும் வர்றாங்களாம்."